காக்கா ஆழியின் ஓரத்தைத் தேடிப் போவது எப்படி

காக்கா ஆழி என்பது வெளிநாட்டிலிருந்து வந்து நம் கழிமுகங்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிப் பரவும் ஒரு சிப்பி. அது பாய் விரித்தாற்போல் கிடக்கிற இடத்துக்கு முதல் நாளே போய் நிற்காதீர்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் அந்த இடங்களை எல்லாரும் பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயாயிற்று. அங்கே நின்று இன்னொரு படம் எடுத்தால் ‘இங்கே நிறைய இருக்கிறது’ என்பது மட்டும்தான் தெரியும். அது பரவுகிறதா, எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் என்று தெரிய வேண்டுமானால் அது முடிகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். இந்த வளைவு வரை இருக்கிறது, அடுத்த வளைவில் இல்லை என்று சொல்லக்கூடிய அந்த ஓரம்தான் வேண்டியது. அதைக் கண்டுபிடிக்கவும், அது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவும் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் 31 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தவன். தவளைக்குக் குளோரோஃபார்ம் கொடுப்பது, ஃபார்மலின் கலக்குவது, பையன்கள் உடைத்த ஸ்லைடுகளைக் கணக்கெழுதுவது என் வேலை. பிறந்தது ஆற்றோரக் குப்பம். அம்மா பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு தண்ணீரில் அமிழ்ந்து இறால் தடவியவர். சேற்றில் விரல் பட்டதும் இறால் எது, மட்டி எது என்று அவருக்குத் தெரியும். இன்று அதே இடத்தில் கையை விட்டால் சேறு தட்டுப்படுவதில்லை, ஓடுதான் தட்டுகிறது. இறால் புதைய மண் வேண்டும், மஞ்சள் மட்டி மூச்சுவிட மண்ணுக்கு மேலே தண்ணீர் ஓட வேண்டும். நடுவில் இப்படி ஒரு கம்பளம் விழுந்தால் இரண்டும் போய்விடும்.

காக்கா ஆழி என்பது மீனவர்கள் வைத்த பெயர். ஏன் காக்கா என்று எங்கள் மாமாவைக் கேட்டேன். “கறுப்பா கீது, கூட்டமா வருது, தொரத்துனா போமாட்டேங்குது. வேற இன்னா பேரு வெக்கச் சொல்ற மாப்ள?” என்றார். அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். தேடும்போது மைட்டெல்லா சாருவானா என்ற பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 2018 வரை பெரும்பாலான கட்டுரைகள் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. ஒரு பெயரை மட்டும் போட்டால் பாதி வரலாறு கண்ணில் படாது.

அந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு சேற்றில் இறங்குவது நல்லது. 1986-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஜாக்சன்வில் நகரத்து மின்நிலையம் ஒன்றின் நீர்க்குழாயில் இது தென்பட்டது. அடுத்த ஆண்டே காணாமல் போனது. குளிர் கொன்றுவிட்டது என்று நினைத்தார்கள். 2004-இல் அதே மாநிலத்தில் இன்னும் தெற்கே திரும்பவும் கிடைத்தது. பிறகு பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடா, 2016-இல் சிங்கப்பூர், அப்புறம் தாய்லாந்து வளைகுடா. இந்தியாவிலிருந்து முதல் பதிவு என்று கட்டுரை வந்தது 2019-இல், கொச்சிக் காயலிலிருந்து. இந்த வரிசையைப் படித்துவிட்டு ‘மணிலாவிலிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து கொச்சி, அங்கிருந்து எண்ணூர்’ என்று கோடு இழுத்துவிடாதீர்கள். இவை ஒருவர் பார்த்து எழுதிய ஆண்டுகள். வந்த ஆண்டு வேறாக இருக்கலாம். காணாமல் போய்விட்டது என்று நோட்டை மூடுவதும் தப்பு. ஜாக்சன்வில் கதை அதற்குத்தான்.

எப்படி வந்தது என்பதற்குக் கப்பல்தான் பதில் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சரக்கு இல்லாத கப்பல் நிலை தடுமாறாமல் இருக்க அடித்தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொள்ளும். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் சரக்கேற்றும்போது அதை வெளியே விடும். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் மிதந்து வரும். கப்பலின் அடிப்பலகையில் ஒட்டிக்கொண்டும் வரும். இந்த நிலைநீரைச் சுத்தம் செய்யாமல் கொட்டக்கூடாது என்ற பன்னாட்டு உடன்படிக்கை 2004-இல் எழுதப்பட்டு 2017 செப்டம்பர் 8-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ‘இந்தத் துறைமுகம், இந்தக் கப்பல்’ என்று நம் நோட்டிலிருந்து நிரூபிக்க முடியாது. அது மரபணு ஆய்வுக்காரர்களின் வேலை. அவர்களுக்கு நாம் நல்ல மாதிரியும் நல்ல தேதியும் கொடுக்கலாம்.

ஓட்டைத் திறந்து பாருங்கள்

நிறத்தை நம்பாதீர்கள். காக்கா ஆழி ஒரே கொத்தில் கறுப்பாகவும் இருக்கும், பழுப்பில் பச்சை கலந்து கோடு கோடாகவும் இருக்கும். நம்முடைய பச்சை ஆழி வயதானால் பழுப்பேறி ஓரத்தில் மட்டும் பச்சை நிற்கும். கலங்கின தண்ணீரில் இரண்டும் ஒன்றுதான். எனக்கும் முதல் மாதம் இந்த ஏமாற்றம் நடந்தது. ஒரு பாலத்தூணில் இருந்த பச்சை ஆழிக் கொத்தைக் காக்கா ஆழி என்று எழுதிவிட்டேன். துறையில் பழைய பேராசிரியர் ஒருவரிடம் காட்டியபோது அவர் ஓட்டைத் திறக்காமல் நகத்தால் தட்டிவிட்டு, “திறந்து பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

திறந்தால் தெரிவது இது. கூர்முனைப் பக்கம், இரண்டு ஓடும் சேரும் கீலில், பச்சை ஆழிக்குப் பல் மாதிரி சின்ன முண்டு இருக்கும். இடது ஓட்டில் இரண்டு, வலது ஓட்டில் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். காக்கா ஆழியில் அப்படிப் பொருந்தும் பல் கிடையாது. சதையை வழித்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காக்கா ஆழியின் உள்பக்கம் ஊதா ஓடியிருக்கும். கூர்முனைக்குப் பக்கத்தில் தசை ஒட்டியிருந்ததற்கு ஒரு சிறு தழும்பு இருக்கும். பச்சை ஆழிக்கு அந்த முன்தழும்பு இல்லை. வெளிப்பக்கம் விசிறி மடிப்புபோல வரிவரியாக இருந்தால் அது வேறு, நம்மூர்ச் சின்ன ஆழி. கூர்முனையின் உள்ளே குறுக்கே ஒரு தட்டு, சுவரலமாரிப் பலகை மாதிரி இருந்தால் அது மைட்டிலாப்சிஸ் சாலேய். அதுவும் வெளியூர்தான், கரீபியன் கடல் பக்கத்திலிருந்து வந்து 1967-லேயே விசாகப்பட்டினத்தில் தென்பட்டது. ஒரே கொத்தில் இந்த இனங்கள் பல கலந்து இருக்கலாம். அதனால் மேலே இருக்கிற ஒன்றை மட்டும் திறக்காமல், கொத்தின் வெவ்வேறு இடத்திலிருந்து பத்து ஆழியையாவது திறந்துவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா, மாதிரி எடுத்து வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் பாடம் எடுப்பேன், 31 வருடம் செய்த வேலை இது. ஃபார்மலின் வேண்டாம், டி.என்.ஏ. கெட்டுப்போகும். 95 சதவீத எத்தனால் வேண்டும். அது கடையில் சாதாரணமாகக் கிடைக்காது, பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் கொஞ்சம் கிடைக்கும். கையில் தடவுகிற கிருமிநாசினி இதற்கு ஆகாது. ஆழி உயிரோடு இருக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொள்ளும், அப்படியே பாட்டிலில் போட்டால் ஆல்கஹால் உள்ளே இறங்காமல் சதை அழுகிவிடும். கத்திமுனையால் தசையை அறுத்து, ஓட்டுக்கு நடுவே தீக்குச்சித் துண்டு ஒன்றைச் செருகிப் போடுங்கள். சதையைப்போல் பல மடங்கு ஆல்கஹால் இருக்க வேண்டும். மறுநாள் பழையதைக் கொட்டிப் புதிது ஊற்றுங்கள், சதையில் இருக்கும் தண்ணீர் அதை நீர்த்துவிட்டிருக்கும்.

லேபிள் பாட்டிலுக்கு உள்ளே போக வேண்டும், கெட்டித் தாளில், பென்சிலில். பேனா கூடாது. இது எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த நானே ஒரு நாள் பென்சில் மறந்து, பந்துமுனைப் பேனாவில் எழுதிப் போட்டேன். ஒரு வாரத்தில் 14 பாட்டிலிலும் ஆல்கஹால் இளநீலமாக இருந்தது, தாள் வெள்ளையாக இருந்தது. எந்த ஆழி எந்தக் கம்பத்தில் எடுத்தது என்று தெரியாமல் 14-ஐயும் தூக்கிப்போட்டேன். லேபிளில் இடம், தேதி, எடுத்தவர் பெயர், எதில் ஒட்டியிருந்தது என்ற நாலும் இருந்தால் போதும். கூடவே ஆறேழு காலி ஓடுகளைக் காயவைத்துத் தீப்பெட்டியில் போட்டு அதே எண்ணை எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது ‘நீ பார்த்தது அது இல்லை’ என்றால் காட்ட அதுதான் இருக்கும்.

ஆற்றுக்குப் போகும் முன் ஆட்களிடம் போங்கள்

ஆற்றில் வருஷத்துக்கு முந்நூறு நாள் இருப்பவர்கள் மீனவர்கள். நாம் மாதத்துக்கு ஒரு நாள் போகிறவர்கள். அதனால் முதல் கேள்வி அவர்களுக்கு. ஆனால் “எந்த வருஷம் முதல்ல பாத்தீங்க?” என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் உங்களைத் திருப்திப்படுத்த ஒரு எண்ணைச் சொல்வார்கள். யாருக்கும் வருஷம் ஞாபகம் இருக்காது. நடந்தது ஞாபகம் இருக்கும். அதனால் நான் ஒரு தாளில் இந்த வரிசையை எழுதி வைத்திருக்கிறேன்: 2004 சுனாமி, 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா புயல், 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கசிந்தது, 2020 ஊரடங்கு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்தது. “வர்தாவுக்கு முன்னயா பின்னயா?” என்று கேளுங்கள். முன்னே என்றால் ஒரு படி பின்னே போங்கள். “எண்ணெய வாளில மொண்டோமே, அப்போ வலைல ஏறிச்சா?” இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கினால் ஒன்றிரண்டு வருஷ இடைவெளிக்குள் வந்துவிடலாம்.

ஒருவரைத் தனியாகக் கேளுங்கள். டீக்கடையில் நாலு பேரைச் சேர்த்துக் கேட்டால் பெரியவர் சொன்னதுதான் நாலு பேர் பதிலும். கையில் இரண்டு ஓட்டை வைத்துக்கொண்டு, பச்சை ஆழி ஒன்று, காக்கா ஆழி ஒன்று, ‘இதா, அதா’ என்று கேளுங்கள். படத்தைக் காட்டிக் கேட்டால் எல்லாம் ‘ஆமா இதான்’ ஆகிவிடும். ஆண்களை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். படகில் இருப்பவருக்கு வலையில் ஏறினால்தான் தெரியும். கையால் இறால் தடவுகிற பெண்களுக்கும் இருளர்களுக்கும் அதற்கு முன்பே விரலில் தட்டியிருக்கும். எனக்குக் கிடைத்ததிலேயே பழைய செய்தியைக் கொடுத்தது ஒரு அக்காதான். கை கிழிந்து தையல் போட்ட நாளை வைத்துச் சொன்னார், அது அவருடைய மகளுக்குக் காது குத்துக்கு முந்தின வாரம்.

பாடு முறையில் வலை கட்டுகிறவர்கள் கிடைத்தால் விடாதீர்கள். முறை வைத்து ஒரே இடத்தில் கம்பு நட்டு வலை கட்டுவதால், எந்தக் கம்பில் என்ன ஒட்டியது என்று இடம் பிசகாமல் சொல்வார்கள்.

தண்ணீர் வற்றுகிற நேரம்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போங்கள். அப்போதுதான் தண்ணீர் நன்றாக இறங்கும். அட்டமி நவமியில் போய் நின்றால் தூணின் பாதி தண்ணீருக்குள்ளேயே இருக்கும். சென்னைக் கரையில் பெரிய ஏற்ற இறக்கம் என்பதே ஒரு மீட்டர் கணக்குதான், அதையும் விட்டுவிட்டால் பார்க்க ஒன்றும் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் ஓத நேரங்களை, அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் நேரங்களை, வெளியிடுகிறது. ஆனால் அது துறைமுகத்து நேரம். ஆற்றுக்குள் போகப் போகத் தாமதமாகத்தான் வற்றும். முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் பஞ்சாங்கமும் உதவாது, இன்காய்ஸும் உதவாது. கிளம்பும் முன் குப்பத்தில் ஒருவருக்குப் போன் போட்டு “வாய் தெறந்துகீதா?” என்று கேட்டுவிடுவது என் வழக்கம்.

காலுக்குக் கெட்டி அடிப்பாகம் உள்ள ரப்பர் ஷூ வேண்டும், கைக்குக் கட்டிட வேலைக் கையுறை. தனியாகப் போகக்கூடாது. அனல்மின் நிலையம், துறைமுகம் பக்கத்தில் கேமராவைத் தூக்கினால் காவலாளி வருவார், டிரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம். பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம், அங்கே ஓட்டைக்கூட எடுக்கும் முன் வனத்துறையிடம் எழுதி அனுமதி வாங்குங்கள். அனுமதி வரும்வரை பார்த்து எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓரத்தை எப்படிப் பிடிப்பது? கடைசியாக நிச்சயம் பார்த்த இடத்திலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகப் போங்கள். எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றில் எனக்கு மூன்று வெளிப்பக்கம் உண்டு: மேற்கே ஆற்றின் மேல்பகுதி, தெற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே காட்டுப்பள்ளியை ஒட்டிப் பழவேற்காடு போகும் உப்பங்கழி. வடக்குப் பக்கம் பழவேற்காட்டு மீனவர்களே புகார் சொல்லியாயிற்று, அதனால் அங்கே தொடர்ச்சியாகப் போயிருக்கிறதா, நடுவில் விட்டுத் தாவியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அரைக் கிலோமீட்டருக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் கடிகாரம் பார்த்து 30 நிமிடம் தேடுங்கள். தூண், வலைக் கம்பு, பழைய டயர், கண்டல் வேர், சேறு என்று எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். அலையாத்தி வேரின் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

30 நிமிடம் ஆகியும் கிடைக்கவில்லையா? ‘0’ என்று எழுதுங்கள். அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

நான் ஆரம்பத்தில் கிடைத்த இடத்தை மட்டும் எழுதினேன், கிடைக்காத இடத்தைக் காலியாக விட்டேன். அடுத்த வருஷம் அதே இடத்தில் ஆழி கிடைத்தபோது நோட்டைப் புரட்டினால் காலிக் கட்டம். தேடிப் பார்த்து இல்லையா, அன்றைக்கு மழை என்று போகவே இல்லையா? எனக்கே தெரியவில்லை. ஒரு வருஷ வேலை அந்தக் கட்டத்தில் போயிற்று. இப்போது தேடி இல்லை என்றால் 0, போகவில்லை என்றால் கோடு.

இந்த 0 எவ்வளவு பெறும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகம் இருக்கிறது. மேலே சொன்ன மைட்டிலாப்சிஸ்தான் அங்கே வந்தது. 1999 மார்ச்சில் ஒரு படகுத்துறையில் முக்குளிப்பவர்கள் அதைக் கொத்துக் கொத்தாகப் பார்த்தார்கள். 1998 செப்டம்பரில் அதே இடத்தைத் தேடி, இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். அதனால் வந்து ஆறு மாதம்தான், இன்னும் தூரம் போயிருக்காது என்று தெரிந்தது. மூன்று படகுத்துறைகளின் மதகுகளை மூடிக் குளோரினும் மயில்துத்தமும் கலந்தார்கள். உள்ளே இருந்த மற்ற உயிர்களும் செத்தன, ஆனால் அந்த ஆழி டார்வினில் ஒழிந்தது. கொசஸ்தலைக்கு மூட மதகு இல்லை, இது இங்கே நடக்காது. ஆனால் பழவேற்காட்டில் ஒரு மூலையில் இன்றைக்கு 0 என்று எழுதி வைத்திருந்தால், நாளைக்கு முதல் கொத்து தெரியும்போது நாலு பேர் கையால் சுரண்டி எடுத்துவிடக்கூடிய அளவிலேயே பிடிக்கலாம்.

எண்ணுவது

ஓரத்தில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும், அப்படியே எண்ணிவிடலாம். உள்ளே போனால் சட்டம் வேண்டும். பிளம்பர் மீதம் வைத்த பி.வி.சி. குழாயில் உள்ளளவு 25 செ.மீ. வருமாறு ஒரு சதுரம் செய்துகொள்ளுங்கள். வைத்து, உள்ளே இருப்பதை எண்ணி, 16-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு வரும். உதாரணமாக சட்டத்துக்குள் 112 என்றால் சதுர மீட்டருக்கு 1,792. அடுக்கடுக்காக ஒட்டியிருந்தால் மேலே பார்த்து எண்ண முடியாது. 10 செ.மீ. சதுரத்தைச் சுரண்டி வாளியில் போட்டு, பிரித்து எண்ணி, 100-ஆல் பெருக்குங்கள்.

சட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாரும் ஏமாற்றுவார்கள், தெரியாமலேயே. கண் தானாகவே அடர்ந்த இடத்துக்குப் போகும். நான் சட்டைப்பையில் இருக்கிற பத்து ரூபாய் நோட்டின் எண்ணைப் பார்ப்பேன். கடைசி இலக்கம் 7 என்றால் கரையோரமாக 7 அடி நடந்து வைப்பேன், அதற்கு முந்தின இலக்கம் 2 என்றால் அடுத்தது 2 அடி. ஐந்து தடவையாவது வைக்க வேண்டும். ஐந்தில் மூன்று காலியாக இருந்தால் அந்த மூன்றையும் சேர்த்துத்தான் சராசரி.

கையோடு ஒரு ஐம்பது ஆழிக்கு நீளம் எடுத்துவிடுங்கள். வெர்னியர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பள்ளிக்கூட ஸ்கேல். நோட்டில் அரை செ.மீ.க்கு ஒரு வரி போட்டுக் குச்சிக் கணக்கு. பெரிதும் சிறிதும் கலந்து பல வரிகளில் குச்சி விழுந்தால் அது அங்கே பல பருவமாகக் குடியிருக்கிறது. எல்லாம் ஒன்றரை செ.மீ.க்குக் கீழே ஒரே கும்பலாக இருந்தால் அண்மையில் ஒரே அலையாக வந்து ஒட்டியது. ஓரத்தில் சிறிசு மட்டும், உள்ளே எல்லா அளவும் என்று தெரிந்தால் ஓரம் நகர்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். வயது இத்தனை மாதம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இரை கிடைப்பதையும் தண்ணீரையும் பொறுத்து வளர்ச்சி மாறும்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று போதும், வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் முதலில் காய்ச்சி வடித்த நீரை விட்டு பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றில் உப்பு சட்டென்று இறங்கும், அதைப் பார்த்துவிட்டு இனி செத்துவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். இந்த ஆழி நன்னீருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற உப்பிலிருந்து கடல் உப்பு வரைக்கும் தாங்கக்கூடியது. அதனால்தான் பச்சை ஆழி நுழையாத இடத்திலும் இது உட்கார்ந்துகொள்கிறது.

கயிறு கட்டித் தொங்கவிடுவது

ஒட்டியதைத் தேடுவது ஒரு வழி. ஒட்ட வருவதைப் பிடிப்பது இன்னொரு வழி. குஞ்சுகள் சில வாரம் தண்ணீரில் மிதந்துவிட்டுக் கெட்டியாக ஏதாவது கிடைத்தால் நார் விட்டு ஒட்டிக்கொள்ளும். ஓரத்துக்கு வெளியே, இன்னும் 0 என்று இருக்கிற இடத்தில், அதற்கு ஒட்ட ஒரு இடம் நாமே கொடுத்துவிட்டு மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம். 15 செ.மீ. பி.வி.சி. தகட்டை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, வற்றின மட்டத்துக்கும் கீழே நிற்குமாறு கல் கட்டித் தொங்கவிடுங்கள்.

நான் முதலில் தொங்கவிட்ட தகடுகள் பளிச்சென்று வெள்ளையாக, புது நைலான் கயிற்றில் இருந்தன. மூன்றாம் வாரம் போனால் ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு ஆடு புது நைலான் கயிற்றில் கட்டப்பட்டு மேய்ந்துகொண்டிருந்தது. அது முதல் கிழிந்த வலையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டுகிறேன், குப்பை என்று யாரும் தொடுவதில்லை. ஆழிக்கும் வலை பிடித்திருக்கிறது. ஆனால் பரப்பளவு தெரியாததால் சதுர மீட்டர் கணக்கு போட முடியாது, ‘வந்தது, வரவில்லை’ என்று மட்டும்தான் சொல்லலாம். எண் வேண்டுமானால் தகடு, அதுவும் அழுக்குப் பிடித்த பழைய தகடாக, யாராவது ஒருவரின் வலைக் கம்பில் அவரிடம் சொல்லிவிட்டு.

தண்ணீரை வடிகட்டி அதில் இருக்கும் டி.என்.ஏ.வை வைத்தே கண்டுபிடிக்கும் முறையும் இருக்கிறது. நல்ல ஆய்வகம் துணைக்கு இருந்தால் செய்யுங்கள். ஆனால் அது ஆழியின் தடயம் தண்ணீரில் இருக்கிறது என்றுதான் சொல்லும். ஓதத்தோடு அடித்துக்கொண்டு வந்ததா, அங்கேயே ஒட்டி வாழ்கிறதா என்பதற்கு மறுபடி சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

எழுதி வைப்பதும் கொடுப்பதும்

நோட்டில் ஒரு வரிக்கு: தேதி, நேரம், இடத்தின் ஊர்ப்பெயர், போனில் வரும் ஜி.பி.எஸ். எண்கள், தேடிய நிமிடம், எண்ணிக்கை அல்லது 0, எதில் ஒட்டியிருந்தது, உப்பு, பார்த்தவர். ஊர்ப்பெயரை விட்டுவிடாதீர்கள். ஜி.பி.எஸ். எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் இடம் நடுக்கடலில் போய் நிற்கும், ‘முகத்துவாரக்குப்பம், பாலத்துக்கு வடக்கே மூணாவது தூண்’ என்று எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளலாம். கணினியில் ஏற்றும்போது மாதத்தை எழுத்தில் போடுங்கள். 3/4 என்று போட்டால் எக்செல் அதை ஏப்ரலாக்கும், சில சமயம் மார்ச்சாக்கும், அதன் மனநிலையைப் பொறுத்தது.

பார்த்த உயிரினங்களின் படத்தை யாரும் ஏற்றக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் வேறு ஊர் ஆட்களும் சரிபார்ப்பார்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், கீல், அளவுகோலோடு ஒன்று என நாலு படம் வேண்டும். இயந்திரம் ஒரு பெயரை எடுத்துக் கொடுக்கும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். ஒருவர் தப்பாக அழுத்தி, இன்னொருவர் அதற்கு ஆமாம் போட்டால் அது ஆய்வுத்தரம் என்ற முத்திரையோடு உலகத் தரவுத்தளமான ஜிபிஃப் வரை போய்விடும். ஆய்வாளர்கள் வரைபடம் போடுவது அதை வைத்துத்தான். அந்த வரைபடத்தில் எண்ணூர் பக்கம் புள்ளி இல்லை என்றால் ஆழி இல்லை என்று அர்த்தமில்லை, போன் வைத்திருப்பவர் யாரும் அந்தச் சேற்றில் இறங்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, அங்கே 0-வை ஏற்ற முடியாது. அதனால் நோட்டுதான் மூலம், தளம் ஒரு நகல்.

மாதிரிகளைச் சரிபார்க்கச் சென்னையிலேயே இடம் இருக்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் கடல் உயிரியல் மையம் சாந்தோமில் இருக்கிறது, தேசியப் பல்லுயிர் ஆணையம் தரமணியில். போகும்போது பாட்டில், ஓடு, நோட்டின் நகல் மூன்றும் கொண்டுபோங்கள். ‘நிறைய இருக்கு சார்’ என்று வாயால் சொன்னால் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். தேதி போட்ட அட்டவணையைப் பார்த்தால் உட்காரச் சொல்வார்கள். இது என் அனுபவம். குப்பத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். தகவல் சொன்னவர்களுக்கு அது என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

திரும்பி வரும்போது

எண்ணூரில் பார்த்துவிட்டு அதே ஷூவோடு, அதே வாளியோடு பழவேற்காட்டுக்கு வண்டி ஏறினால், ஆழியைப் பரப்பியவர் பட்டியலில் உங்கள் பெயரும் சேரும். ஒரே நாளில் இரண்டு இடம் போவதாக இருந்தால் ஆழி இல்லாத இடத்துக்கு முதலில் போங்கள். வீட்டுக்கு வந்ததும் வலைப்பந்து, கயிறு, சட்டம், ஷூ எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காய்கிறவரை போடுங்கள். வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வெறுந்தரையில் ஊற்றுங்கள். சுரண்டி எடுத்த ஆழியை ஆற்றில் திரும்பக் கொட்டக்கூடாது. பரப்பி, செத்துக் காய்ந்தபின் குழியில் போட்டு மூடிவிடுங்கள். இவ்வளவு இருக்கிறதே, சமைத்தால் என்ன என்று வீட்டில் கேட்பார்கள், என் மனைவியும் கேட்டாள். ஆலைக்கழிவும் சாம்பல் நீரும் ஓடுகிற ஆற்றில் தண்ணீரை வடிகட்டியே வாழ்கிற உயிரை நான் வாயில் வைக்க மாட்டேன்.

காய்கிற இடத்தில் நாலு நாளைக்கு நாற்றம் இருக்கும். காக்கா வரும், அசல் காக்கா. ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய் எங்காவது போடாமல் இருக்க மேலே ஒரு பழைய வலையை விரித்துக் கல் வைத்துவிடுங்கள்.